மலைமேல் ஒரு படகோட்டி

இசிதோரஸ் கியோஸ் தீவுக்காரன். நடக்கத் தெரிவதற்கு முன்பே துடுப்பைப் பிடித்தவன் என்று துறைமுகத்தில் சொல்வார்கள். 1940 குளிர்காலத்தில் கிரேக்கப் பட்டாளம் அவனை அல்பேனிய மலைகளுக்கு அனுப்பி, கையில் ஒரு கோவேறு கழுதையின் கயிற்றைக் கொடுத்தது. படை இத்தாலியர்களை விரட்டிக்கொண்டு மேலே மேலே ஏறியது. கழுதைக்குப் பின்னால் இசிதோரஸ் பனியில் வழுக்கி வழுக்கி ஏறினான். மனைவி மார்க்கெல்லாவுக்கு அவன் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. நலம். குளிர். கழுதையும் நலம்.

டிசம்பரில் ஒரு காலை, முகட்டைத் தாண்டியதும் கீழே பெரிய ஏரி ஒன்று தெரிந்தது. இசிதோரஸ் கயிற்றை நழுவவிட்டு அப்படியே நின்றுவிட்டான். கழுதை தன் போக்கில் இறங்கிப் போனது.

மதியம் கேப்டன் ஆட்களை வரிசையில் நிறுத்தினார். கரையோரச் சாலையை இத்தாலியர்கள் குண்டுபோட்டு உடைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து முனையில் கிரேக்கப் படைப்பிரிவு ஒன்று ரொட்டியும் தோட்டாவும் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தது. படகு ஓட்டத் தெரிந்தவன் யார் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் இசிதோரஸின் கை மேலே போயிருந்தது. மற்றவர்கள் மலை ஊர்க்காரர்கள். ஆளுக்கு ஆள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சார்ஜெண்ட் த்ராசோஸுக்குச் சிரிப்பு வந்தது. "ஏண்டா, கழுதையே நீ சொன்னா கேக்கல. படகு கேக்குமா?"

"கழுதைக்குச் சொந்த புத்தி இருக்கு சார்ஜெண்ட். படகுக்கு என் புத்திதான்."

மீனவர்கள் விட்டுப்போன படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. தட்டை அடி, பலகைக்குப் பலகை விரிசல். இசிதோரஸ் கந்தலும் தாரும் வைத்து அடைத்தான். கிழிந்த கூடாரத் துணியைப் பாயாக்கினான். ஏரித் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, உப்புப் போடாத சூப் என்று முகத்தைச் சுளித்தான். சுளித்த முகம் உடனே சிரித்தது.

மறுநாள் காலை மூடுபனியில் புறப்பட்டார்கள். உதவிக்கு ஸ்டெர்கியோஸ் என்ற இடையன் வந்தான். குண்டுக்கு அஞ்சாதவன், தண்ணீரைக் கண்டால் நடுங்குவான். பாதி வழியில் மலையிலிருந்து காற்று இறங்கிப் பனியைக் கலைத்தது. எதிர்ச்சரிவிலிருந்து இயந்திரத் துப்பாக்கி படபடத்தது. பாய் விம்மி, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஸ்டெர்கியோஸ் கண்ணை மூடிக்கொண்டு, கடலோடிகளைக் காக்கும் புனித நிக்கோலாவைக் கூப்பிட்டான்.

"சாமியக் கூப்புடு, வேணாங்கல. கூப்புட்டுக்கிட்டே தண்ணிய அள்ளு" என்றான் இசிதோரஸ்.

ஸ்டெர்கியோஸ் தலைக்கவசத்தைக் கழற்றி அள்ளத் தொடங்கினான். இசிதோரஸ் காற்றை முதுகில் வாங்கிப் படகை அம்புபோல் விட்டான். குண்டுகள் பின்னால் தண்ணீரைக் கொத்தின. முனையைச் சுற்றியதும், கரையில் இருந்தவர்கள் உறைகிற தண்ணீரில் இடுப்பளவு இறங்கி வந்து, ரொட்டி மூட்டைகளைக் குழந்தைகளை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டார்கள். திரும்பும்போது படகு நிறையக் காயம்பட்டவர்கள். யாரையும் அவன் நனையவிடவில்லை.

அன்றே கேப்டன் ஏரிப் படகுகள் அனைத்தையும் அவன் பொறுப்பில் விட்டார். கழுதை வேறொருவன் கைக்குப் போனது.

கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்து இசிதோரஸ் மார்க்கெல்லாவுக்கு எழுதினான். பக்கம் பக்கமாக எழுதினான். தணிக்கை இருந்ததால் ஊர்ப் பெயர் எழுத முடியாது. மற்ற எல்லாவற்றையும் எழுதினான். தன்னை எல்லோரும் இப்போது 'அட்மிரல்' என்று கேலி செய்வதையும் எழுதினான். படகுக்கு அவள் பெயரையே வைத்திருப்பதாகவும், அவளைப் போலவே அதுவும் முதலில் பிடிகொடுக்காமல் இருந்து பிறகு வழிக்கு வந்ததுதான் காரணம் என்றும் எழுதினான்.

கியோஸில் மார்க்கெல்லா அதைப் படித்துவிட்டுக் கலங்கிப்போனாள். மூன்று வரிக்கு மேல் எழுதாதவன் இவ்வளவு எழுதியிருக்கிறான். மலைச் சண்டையில் படகாம். ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் பிதற்றுகிறானோ? கடிதத்தை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினாள். இசிதோரஸின் கூட்டாளி ஃபோட்டினோஸ் வலை தைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இது அவரு பேசுற மாதிரியே இல்ல. நீங்களே பாருங்க."

அவன் நிதானமாகப் படித்தான். ஓரிடத்தில் விரலை வைத்தான்.

"பாயோட கீழ்முனைய லேசா விட்டுப் புடிச்சேன்னு எழுதியிருக்கான் பாரு. காய்ச்சல்ல கெடக்கிறவனுக்கு இது வராதும்மா. அவன் தண்ணியிலதான் இருக்கான். சந்தோஷமா இருக்கான்."

மார்க்கெல்லா அங்கேயே கூடைமேல் உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து படித்தாள். இந்த முறை உரக்கப் படித்தாள். சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். படகின் பெயர்க் காரணம் வந்ததும் நிறுத்திவிட்டு, அதை மட்டும் மனசுக்குள் படித்துக்கொண்டாள்.

அவள் அனுப்பிய உலர்ந்த அத்திப்பழமும் பதிலும், படகில் ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது இசிதோரஸ் கைக்கு வந்தன. பிடிகொடுக்காதவள் யார் என்று நேரில் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று அவள் எழுதியிருந்தாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். அத்திப்பழத்தை ஸ்டெர்கியோஸ் மடியில் போட்டுவிட்டு, கயிற்றை அவிழ்த்துப் படகைத் தள்ளினான்.