சிரித்தவர்கள் வெளியே

ஆங்கில இலக்கிய வகுப்பில் அந்த மாதம் நகைச்சுவைப் பாடம். சிரிக்கிறவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் வாத்தியார் அதை நடத்துவார். வாயாடி என்று பேர் வாங்கிய மாணவி ஒருத்தி அந்தக் கூத்தையே வேடிக்கைக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தாள். வாத்தியார் முட்டை போட்டார்.

“இதுல எங்கேம்மா சிரிப்பு இருக்கு?” என்று கேட்டவர், அவள் மானத்தை வாங்கவென்றே அதை உரக்க வாசித்தார். முதலில் கடைசி பெஞ்சு வெடித்தது. பிறகு வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

“சிரிச்சவங்க எல்லாம் வெளிய போங்க!”

பெஞ்சுகள் காலியாயின. பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கியிருந்த அவள் மட்டும் எழுந்துபோய், மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“எங்கே சிரிப்பு இருக்குன்னு கேட்டீங்களே சார், வராந்தாவுல நிக்குது. மார்க்கைப் போடுங்க.”