அழகன் என்று சொன்னவள்

எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் அதை அழகு என்று சொல்ல மாட்டார்கள். "சீ, அவலட்சணம்" என்பார்கள், மூன்று தரம் துப்புகிற மாதிரி சத்தம் செய்வார்கள், அப்புறம்தான் மடியில் வாங்கி முத்தம் கொடுப்பார்கள். அதனால்தான் கண்ணுகளா, சாய்கல் தொட்டிலுக்குள் குனிந்து, "எவ்வளவு அழகா இருக்கான், எப்படி கொழுகொழுன்னு இருக்கான்" என்று வாய் நிறையச் சொன்னபோது, தேநீர்க் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். பெற்றவள் புருலின் கை தானாகப் போய்ப் பிள்ளையின் முகத்தை மூடியது.

சாய்கல் அண்ணன் மனைவி, புருல் தம்பி மனைவி. ஒரே முற்றத்தில் இரண்டு வீடு, இருவருக்கும் சேர்த்து ஒரு ரொட்டி அடுப்பு.

சாய்கலுக்கும் ஒரு பெண் பிறந்திருந்தாள், அய்தாய் என்று பேர். ஐந்தாம் மாதத்தில், மலை மேய்ச்சலில் கூடாரம் போட்டிருந்தபோது, சளி என்றுதான் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் மூக்கு விரிந்து விரிந்து அடங்கியது. விலாவுக்குக் கீழே குழி விழுந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். குதிரையில் இறக்கி, சாலையில் லாரி பிடித்து, நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த முனகல் நின்று போயிருந்தது. அங்கே ஒரு டாக்டர், ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்: நுரையீரலில் சீழ் வைக்கிற கிருமி இது, நியூமோகாக்கஸ் என்று பெயர், வெளிநாட்டில் இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள், நமக்கும் சீக்கிரம் வந்துவிடும் என்று. அந்தச் 'சீக்கிரம்' மூன்று வருஷம் சாய்கலின் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது.

புருலின் மகன் எல்தியாருக்கு இரண்டு மாதம் நிறைந்த வாரம். திங்கட்கிழமை கடை வாசலில் எங்கள் ஊர் நர்ஸ் ரக்கியா சாய்கலைப் பிடித்துக்கொண்டாள். புது ஊசி வந்துவிட்டதாம். வியாழக்கிழமை காலையில் பனிப்பெட்டியில் மருந்து வருமாம். புருலின் போன் மாட்டுத் தண்ணீர்த்தொட்டியில் விழுந்து செத்துக் கிடந்ததால், நீயே சொல்லிவிடு என்றாள். என்ன ஊசி என்று சாய்கல் கேட்டாள். நுரையீரலுக்குப் போய், காதுக்குப் போய், மூளை வரைக்கும் ஏறுகிற கிருமிக்கானது, எல்லா இருமலையும் நிறுத்தாது, ஆனால் அந்தப் பொல்லாததைப் பெரும்பாலும் தடுத்துவிடும் என்று ரக்கியா விளக்கினாள்.

"இப்பதான் வந்துதா?" என்றாள் சாய்கல்.

ரக்கியாவுக்கு அப்போதுதான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது.

திங்கள் போனது, செவ்வாய் போனது. சாய்கல் சொல்லவில்லை. புதன்கிழமை, பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று புருல் கிண்ணத்தில் பீய்ச்சி அடுப்படியில் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் சொல்லவில்லை. வியாழன் மதியம் இரண்டு குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு மலை மேய்ச்சலுக்கு லாரி கிளம்புகிறது. போனால் பனி விழுகிறவரைக்கும் இறங்க மாட்டார்கள். பிள்ளை சாக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. என் மகளுக்குக் கிடைக்காதது இவனுக்கு எதற்கு என்று மட்டும்தான் நினைத்தாள். அதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பார்க்கவில்லை. இதெல்லாம் பின்னால் கம்பளி அடிக்கும்போது அவள் வாயாலேயே எனக்குச் சொன்னது.

வியாழன் காலை முற்றம் முழுக்கக் கம்பளமும் கூடாரக் கழிகளும். புருல் அவ்வளவு சீக்கிரம் பிள்ளையைச் சாய்கலிடம் கொடுக்கிறவள் இல்லை. ஆனால் கொதிக்கிற பால் ஒரு பக்கம், கட்டாத மூட்டை ஒரு பக்கம். கண் படாமல் இருக்க அவன் நெற்றியில் இட்ட கெட்டில் கரி அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையில் திணித்தாள்.

சாய்கல் பழைய பழக்கத்தில் பிள்ளையின் முதுகில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மூச்சுக்குச் சத்தம் கிடையாது, கண்ணுகளா.

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு வாசலைத் தாண்டி நடந்தாள்.

பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் புருல் பின்னாலேயே ஓடியதை நான் வேலியிலிருந்து பார்த்தேன். செருப்பு ஒன்று வழியிலேயே கிடந்தது. என்னவோ ஏதோ என்று நானும் போனேன். மருந்தகத்தில் நாங்கள் நுழைந்தபோது எல்தியாரின் தொடையில் ஊசி இறங்கி, அவன் ஊரையே கூட்டிக்கொண்டிருந்தான்.

"எதுக்கு என் புள்ளையத் தூக்கிட்டு வந்தே?"

"நர்ஸம்மா திங்கக்கிழமையே உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல."

"ஏன்க்கா?"

"அய்தாய்க்கு இல்லாதது இவனுக்கு எதுக்குன்னு."

ரக்கியா பஞ்சை எங்கே வைத்தோம் என்று தேடுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருல் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்ப இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"முதுகுல காது வச்சேன். ஒரு சத்தமும் இல்ல. மலைக்குக் கிளம்பின அன்னிக்கு அய்தாய்க்கும் இப்படித்தான் இருந்துச்சு."

மதியம் லாரி கிளம்பியது. ஒருத்தி முன்னால் உட்கார்ந்தாள், இன்னொருத்தி பின்னால் மூட்டைகளோடு. மலையில் ஒரே கூடாரத்தில் இருந்துகொண்டு இரண்டு மாதத்துக்கும் மேல் புருல் அவளோடு பேசவில்லை. 'உப்பை எடு' என்பதைக்கூடப் புருஷன் வழியாகத்தான் சொன்னாள்.

இரண்டாவது ஊசி ஐந்தாம் மாதம். அரை நாள் குதிரைப் பயணம். புருலுக்குக் குதிரையென்றால் பயம். ஆண்கள் புல் அறுக்கப் போயிருந்தார்கள். அன்று காலை அவள் பிள்ளையைக் கொண்டுவந்து சாய்கலின் மார்போடு சேர்த்துச் சால்வையால் கட்டினாள்.

"நீயே போய்ட்டு வா. ஊசி என்னிக்குன்னு உனக்குத்தானே முன்னாடியே தெரியும்" என்றாள். அந்தக் குத்தல் போதாதா!

சாய்கல் குனிந்து எல்தியாரைப் பார்த்தாள். இரண்டு பல் முளைத்திருந்தது, கன்னம் தொங்கியது, அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்த நேரத்திலும் வயிறு எரிந்ததாகத்தான் என்னிடம் சொன்னாள். மறைக்கவில்லை.

"சீ, அவலட்சணம்" என்றாள் அவனிடம். பிறகு புருலைப் பார்த்து, "அடியே, இன்னும் கொஞ்சம் கரி வை. என் கண்ணுக்கு இது பத்தாது."

புருல் ஓடிப்போய், அடியெல்லாம் கரி பிடித்த கெட்டிலையே எடுத்துக்கொண்டு வந்தாள்.