கை வைத்துப் பார்த்த நெருப்பு

ஜெசிந்தா டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது செங்கல்பட்டில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்த சங்கதி. டிரில் சொல்லிக்கொடுப்பவள், சாரணியர் படைக்கும் அவளே தலைவி, தப்பு என்று பட்டால் தலைமை ஆசிரியை முகத்துக்கு நேரேயே சொல்லிவிடுவாள். ஆனால் அந்தத் தை மாதத்து மத்தியானம், மகாபலிபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் நாட்டார் சின்னராசுவின் எதிரில் நின்றபோது அந்த வாய் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பின்னால் பதினெட்டுப் பெண்கள் நீலத் தாவணியும் கழுத்துத் துணியுமாக வெயிலில் வரிசையாக நின்றார்கள்.

"இன்னா டீச்சரம்மா, போன வருசம் வெச்ச நெருப்பு பத்தலியா?" என்றார் சின்னராசு. அந்த மீனவக் குப்பத்துக்கு அவர்தான் தலைவர், அவர் சொல்லைத் தாண்டி ஒரு கட்டுமரம் தண்ணீரில் இறங்காது.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. போன வருடமும் இதே பள்ளிக்கூடம் இதே கரையில்தான் முகாம் போட்டது. சாயங்காலம் மணலில் குழி தோண்டி, நெருப்பு மூட்டி, சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். பாட்டெல்லாம் தீர்ந்ததும் ஆளுக்கு நாலு கை மணலை அள்ளிப் போட்டுக் குழியை மூடினார்கள். கடற்கரையில் எல்லாரும் செய்வது அதுதான். மணல்தான் காலடியிலேயே கிடக்கிறதே, தண்ணீர் தூக்க யார் போவது? தணல் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே அணைந்துவிட்டது என்று எல்லாரும் கைதட்டினார்கள். 'தீ முறைப்படி அணைக்கப்பட்டது' என்று டீச்சர் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

மணல் தணலை அணைக்கவில்லை, கம்பளி போர்த்தித் தூங்க வைத்திருந்தது. மறுநாள் காலையில் தலையில் மீன் கூடையோடு அந்த வழியாக வந்த காசியம்மாள் வலது காலை நேராக அதற்குள் வைத்தாள்.

செங்கல்பட்டுக்குச் செய்தி வர மூன்று வாரம் ஆயிற்று. கேட்ட அன்றைக்கே ஜெசிந்தா பஸ் பிடித்து வந்தாள். பிள்ளைகள் மேல் பழியைப் போட அவளுக்கு மனசு வரவில்லை, தன் மேல்தான் ஆத்திரம். காசியம்மாள் வாழை இலை மேல் காலை நீட்டிக் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள், சபிப்பாள் என்று தயாராக வந்தவளிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மண்ணப் போட்டு மூடினியே டீச்சரம்மா, கைய வெச்சிப் பார்த்தியா?"

ஜெசிந்தா கொண்டுவந்த களிம்பை வைத்துவிட்டுத் திரும்பினாள். இரண்டு மாதம் காசியம்மாள் கூடை தூக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டாள்.

இந்த வருடம் முகாமை வேடந்தாங்கல் பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னாள் தலைமை ஆசிரியை. ஏரி இருக்கிறது, பறவை பார்க்கலாம், வம்பு இல்லை. ஜெசிந்தா கேட்கவில்லை. "அங்கதான் தப்பு பண்ணோம், அங்கதான் சரியா பண்ணிக் காட்டணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்த அம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. இன்னொரு புகார் வந்தால் சாரணியர் படையையே கலைத்துவிடுவேன் என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஆக, பதினெட்டுப் பெண்களின் கழுத்துத் துணியும் அன்றைக்கு அந்த மணல் குழியில் அடகு கிடந்தது.

சின்னராசு தாடையைச் சொறிந்தார். "சரி, வெச்சிக்கோ. ஆனா அணைஞ்சிடுச்சின்னு நீ உன் வாயால சொல்லணும். சொன்னப்புறம் குழில துளி சூடு இருந்தாலும், உங்க இஸ்கூல் பசங்க யாரும் இந்தக் கரைல கால் வெக்கக் கூடாது."

"சூடு இருக்கா இல்லையான்னு யார் பார்க்கிறது, நாட்டாரே?"

"நான் பார்க்கிறேன்" என்று ஒரு குரல் வந்தது. வலை உலர்த்தும் கழிகளுக்குப் பின்னால் காசியம்மாள் நின்றிருந்தாள். "கால வெச்சிப் பார்க்கிறேன்."

ஜெசிந்தா அந்தக் காலைப் பார்த்துவிட்டு நாட்டாரிடம் சரி என்றாள்.

குப்பத்துக்குத் தெற்கே இடம் பார்த்தாள். வடக்கிலிருந்து வாடை வீசியது. பொறி பறந்தாலும் நூறு கஜத்துக்கு வெறும் மணல்தான், குடிசையும் இல்லை, வலையும் இல்லை. சவுக்குத் தோப்பு நன்றாக உள்ளே தள்ளி இருந்தது. காற்று உருட்டிக்கொண்டு வந்திருந்த சவுக்குச் சருகைக்கூட விடாமல் பெருக்கச் சொன்னாள். முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டினார்கள். அழகுக்காக ஒருத்தி அலை நனைத்த கற்களைப் பொறுக்கி வந்து வட்டமாக அடுக்கினாள். ஈரக் கல் சூட்டில் வெடித்து முகத்தில் தெறிக்கும் என்று அத்தனையையும் திரும்பக் கொண்டுபோய்ப் போடச் சொன்னாள் டீச்சர். இன்னொருத்தியின் பையிலிருந்து ஒரு கிருஷ்ணாயில் பாட்டில் வெளிவந்தது. "சீக்கிரம் பத்திக்கும் டீச்சர்" என்றாள் அவள். "ஆமா, குழியும் பத்திக்கும், நீயும் பத்திக்குவே" என்று சொல்லி ஜெசிந்தா அதைக் குப்பத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் கொடுத்து வைத்தாள். வாய் திரும்பி வந்துவிட்டது என்று பெண்களுக்கு நிம்மதி.

கடலிலிருந்து பன்னிரண்டு பக்கெட் தண்ணீர் வந்து குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் தீப்பெட்டியையே வெளியே எடுத்தாள்.

சாரணியர் பரீட்சையில் ஒரு விதி உண்டு. இரண்டு தீக்குச்சிக்குள் நெருப்பு மூட்ட வேண்டும், மூன்றாவது கிடையாது. அந்த வருடம் பரீட்சை ஷரீபுன்னிசாவுக்கு. கடைத்தெருவில் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடுகிறவரின் மகள், அதிகம் பேசாத பெண். தாவணி முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, பின்னலைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, குழி ஓரத்தில் மண்டியிட்டாள். குப்பமே திரண்டு வந்து தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது.

முதல் குச்சியை வாடை ஊதி அணைத்தது. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஷரீபுன்னிசா அவசரப்படவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். அத்தா விளக்கு ஏற்றுகிற மாதிரியே இரண்டு உள்ளங்கையையும் கூடு கட்டி அதற்குள் இரண்டாவது குச்சியைக் கிழித்தாள். காய்ந்த சவுக்குக் காய்களுக்கு அடியில் ஒரு மஞ்சள் நாக்கு எட்டிப் பார்த்தது, தயங்கியது, பிறகு சுள்ளியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. பதினேழு பெண்களும் போட்ட கூச்சலில் கரையில் இருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

அன்றைய நெருப்பு நல்ல நெருப்பு. பெரிதாக எரியவில்லை, இடுப்பு உயரத்துக்கு மேல் போக டீச்சர் விடவில்லை. மூன்று அடி தள்ளி ஒரு கோடு கிழித்து, பாட்டு எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது என்றாள். நெடுநேரம் நின்று எரியட்டும் என்று ஷரீபுன்னிசா ஒரு சவுக்கு வேர்க்கட்டையைக் கொண்டுவந்தபோது ஜெசிந்தாவே தலையாட்டினாள். அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. சாம்பல் ஓரத்தில் பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் புதைத்தார்கள். வெந்த வாசனை எழுந்ததும், தள்ளி நின்ற குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து மணலில் உட்கார்ந்தார்கள். காசியம்மாளும் வந்தாள். கிழங்கை வாங்கித் தோலை உரித்துக்கொண்டே, "பாட்டு இன்னா இப்டி இழுக்குதுங்க, சோறு துண்ணலியா?" என்றாள். அப்புறம் குப்பத்துப் பெண்களே ஒரு பாட்டை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் தாளம் போட்டார்கள். ஜெசிந்தா சிரித்தாள்தான், ஆனால் கண் குழியை விட்டு நகரவில்லை. மூட்டுவது பெரிய விஷயம் இல்லை, போன வருடமும்தான் மூட்டினார்கள்.

கலங்கரை விளக்கின் வெளிச்சம் கடல் மேல் சுற்ற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் விசில் ஊதினாள். பாட்டு நின்றது. பக்கெட்டுகள் கை மாறி வந்தன. தண்ணீர் விழ விழக் குழி சீறியது, ஆவி முகத்தில் அடித்தது. கோலால் கிளறினார்கள், மறுபடி ஊற்றினார்கள். பன்னிரண்டாவது பக்கெட்டும் காலியானபோது சீறல் இல்லை, புகை இல்லை. கறுப்புக் குழம்பாகக் கிடந்தது. பெண்கள் கைதட்டத் தயாராகக் கைகளைத் தூக்கினார்கள்.

"அணைஞ்சிடுச்சா டீச்சரம்மா?" என்றார் சின்னராசு. "சொல்லிடு."

காசியம்மாள் எழுந்து புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். அரிக்கேன் வெளிச்சத்தில் அவள் வலது பாதத்தின் தழும்பு பளபளத்தது. ஆமாம் என்ற சொல் ஜெசிந்தாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. போன வருடமும் இப்படித்தான் வந்தது. ஒரு கையால் காசியம்மாளைத் தடுத்து நிறுத்திவிட்டு, மண்டியிட்டு, மற்றக் கையைக் குழம்புக்குள் முழங்கை வரைக்கும் விட்டாள். மேலே ஜில்லென்று இருந்தது. நடுவிலும் ஜில்லென்றுதான் இருந்தது. அடியில், வேர்க்கட்டை இருந்த மூலையில், சுரீர் என்றது.

கையை எடுத்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"இல்ல நாட்டாரே" என்றாள். "இன்னும் அணையல."

கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. "பன்னெண்டு பக்கெட்டு ஊத்தியும் அணையலியா? அவ்ளோதான், மூட்டையக் கட்டுங்க" என்றார் சின்னராசு. ஷரீபுன்னிசாவின் கண் கலங்கிவிட்டது. வேர்க்கட்டை அவள் கொண்டுவந்தது அல்லவா.

"சும்மா கெட அண்ணாத்த" என்றாள் காசியம்மாள். "அணைஞ்சிடுச்சின்னு அவ எங்க சொன்னா? அணையலன்னுதான சொல்றா. போன வருசம் இத ஒருத்தி சொல்லியிருந்தா என் காலு நல்லா இருந்திருக்கும்." பிறகு குப்பத்துப் பெண்கள் பக்கம் திரும்பினாள். "இன்னா பார்த்துகினு கீறீங்க? வூட்ல குடம் இல்ல?"

ஜெசிந்தா மண்வெட்டியால் வேர்க்கட்டையைத் தோண்டி எடுத்து கடலிலிருந்து புதிதாக வந்த ஒரு பக்கெட் தண்ணீருக்குள் அமுக்கினாள். அது போட்ட சத்தத்தில் நாட்டாரே ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அதன் வயிறு அப்போதும் சிவப்பாகத்தான் இருந்திருக்கிறது. அலையிலிருந்து குழி வரைக்கும் நீலத் தாவணியும் கண்டாங்கிப் புடவையும் மாறி மாறி வரிசை கட்டி நின்றன. குடம் போயிற்று, பக்கெட் வந்தது. ஊற்றினார்கள், கிளறினார்கள், அடி மணலைப் புரட்டிப் புரட்டி ஊற்றினார்கள். ஜெசிந்தா மூலை மூலையாகக் கையை விட்டுத் துழாவினாள். அதோடு விடவில்லை, ஷரீபுன்னிசாவைக் கூப்பிட்டாள், பிறகு மற்றப் பெண்களையும். பதினெட்டுக் கைகளும் ஒவ்வொன்றாகக் குழிக்குள் போய்க் கறுப்பாக வெளியே வந்தன.

எழுந்து நின்றாள். போன வருடம் காசியம்மாள் கேட்டதற்குப் பதில் இப்போது தெளிவாக வெளியே வந்தது.

"அணைஞ்சிடுச்சு. கைய வெச்சிப் பார்த்தேன்."

காசியம்மாள் அவளை ஒரு தரம் நேராகப் பார்த்தாள். பிறகு வலது காலை, அதே காலை, குழிக்குள் வைத்தாள். இடது காலையும் வைத்தாள். முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேற்றில் நின்றுகொண்டு, நடவு வயலில் மிதிக்கிற மாதிரி நாலு மிதி மிதித்தாள். குப்பம் முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஜில்லுனு கீது அண்ணாத்த" என்றாள். "வேணும்னா நீயும் எறங்கிப் பாரு."

பதினெட்டுப் பெண்களும் சேர்ந்து போட்ட சத்தம் அலையை அமுக்கிவிட்டது. யாரோ டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள், கரிக் கை வெள்ளைப் புடவையெல்லாம் பதிந்தது, அவள் திட்டவில்லை. சின்னராசு சிரிப்பை அடக்கிக்கொண்டு மீசையைத் தடவினார். காசியம்மாள் மேலே ஏற ஜெசிந்தா கையை நீட்டினாள். அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், ஏறிய பிறகும் உடனே விடவில்லை.

"அடுத்த வருசம் வந்தா கெழங்கு கொஞ்சம் ஜாஸ்தியா எடுத்துகினு வா" என்றாள். "எனக்கு ரெண்டுதான் கெடச்சிது."

ஊர் திரும்பியதும் ஜெசிந்தா ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தாள். 'தீ முறைப்படி அணைக்கப்பட்டது' என்று எழுதி, பழைய வரிதான் என்று தோன்றவே அதை அடித்தாள். கீழே புதிதாக எழுதினாள்: 'தீ அணைக்கப்பட்டது. பத்தொன்பது பேர் கை வைத்துப் பார்த்தோம். குப்பத்துக் காசியம்மாள் கால் வைத்துப் பார்த்தார்.' கையெழுத்தைப் போன வருடத்தைவிடப் பெரிதாகப் போட்டாள்.