மணிப்பெட்டிகளின் முகவரி

"அப்பா, கிளாஸ்ல என் பேர்லயே இன்னொருத்தி இருக்கா. டீச்சர் கூப்பிட்டா ரெண்டு பேரும் கத்துறோம். கடைசியா கத்துனவளுக்கே மிட்டாய் கொடுக்குறாங்க. இது நியாயமா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். "பெரிய அநியாயம்தான்" என்று சொல்லிவிட்டு அவன் தன் வேலையில் மூழ்கிவிட்டான்.

அவன் செய்துகொண்டிருந்தது முதியோர் இல்லத்துக்கான மணிப்பெட்டிகள். கட்டிலருகே பொத்தானை அழுத்தினால் செவிலியர் மேசையில் ஒலிக்கும்; "வருகிறோம்" என்று பெட்டியில் பச்சை விளக்கு எரியும்.

மேசையில் வைத்துச் சோதித்தபோது ஒவ்வொரு பெட்டியும் தங்கமாக வேலை செய்தது. இல்லத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டியதும் பேய் பிடித்ததுபோல் ஆயிற்று. ஓர் அறையில் அழுத்தினால் வேறோர் அறையில் பச்சை எரிந்தது. சில பெட்டிகள் வாயே திறக்கவில்லை.

"கேபிள் வேலைதான் கோளாறு. சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்றார் நிர்வாகி அம்மா.

இல்லம் முழுக்கக் கம்பி இழுத்துக் கொடுத்திருந்த கேபிள்காரர் தலையைச் சொறிந்தார். "தம்பி, என் கையிலதான் தப்போ என்னவோ. கழட்டிப் பாத்துடுறேன்."

"எனக்கும் ஒண்ணும் புரியலைண்ணே."

"உங்களுக்கே புரியலைன்னா நான் எந்தச் சுவத்துல முட்டிக்க?" என்று சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினார். பகல் முழுக்கக் கூரைப் பலகைகளைக் கழற்றி, முனைகளை வெட்டி வெட்டிப் புதிதாக மாட்டினார். முணுமுணுக்கவில்லை.

அவன் பெட்டியைக் கழற்றினான், மாட்டினான். ஒன்றை மட்டும் மாட்டினால் சரி. இரண்டாவதை மாட்டினால் முதலாவது ஊமை. ஏன்? கடவுளே, ஏன்?

இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்து இயக்கினான். இயங்கத் தொடங்கும்போது பெட்டியின் சிறு திரையில் அதன் வன்பொருள் முகவரி தோன்றும். வலைப்பின்னல் ஒரு கருவியை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். தொழிற்சாலை தந்ததல்ல, தன் நிரல் உருவாக்கியது என்பதற்கு அடையாளமாக 02 என்று தொடங்குகிறதா என்பதை மட்டுமே அவன் எப்போதும் பார்ப்பான். இன்று கடைசிவரை படித்தான். இரண்டிலும் அச்சு அசல் ஒரே முகவரி.

மகளின் மிட்டாய் நினைவுக்கு வந்தது.

கடிகாரத்தைப் பார்த்து முகவரியை உருவாக்கும்படி அவன்தான் நிரல் எழுதியிருந்தான். பெட்டிக்குள் பேட்டரி இல்லை. மின்சாரம் வந்ததும் எல்லாக் கடிகாரங்களும் பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்கின. எல்லாப் பெட்டிகளும் ஒரே முகவரியைச் சொல்லிக் கத்தின. கடைசியாகக் கத்தியதற்கே பதில் போயிற்று. கேபிளில் ஒரு குற்றமும் இல்லை.

ஒவ்வொரு பெட்டியின் மின்னணுச் சில்லுக்குள்ளும் பொறிக்கப்பட்டிருந்த தனி எண்ணிலிருந்து முகவரி பிறக்கும்படி நிரலை மாற்றினான். இப்போது அழுத்திய அறையிலேயே பச்சை எரிந்தது. நிர்வாகி அம்மாவிடம் போய், "தப்பு என்னோடதும்மா. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான். அந்த அம்மா, "சரி, மணி அடிச்சாப் போதும்" என்றார்.

கேபிள்காரர் மிச்ச வேலையை மறுநாளைக்கு வைத்துவிட்டுக் களைத்துப் போய் வீடு திரும்பியிருந்தார். கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. கழற்றிய பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினான். பழக்கமில்லாத கை, விரல் நசுங்கியது. தொங்கிய கேபிள்களைக் கட்டினான், பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினான். வெட்டிய துணுக்குகளைக் கூட்டி அள்ளினான். ஏணியை அவர் வைக்கும் மூலையிலேயே சாய்த்துவிட்டு, விளக்கை அணைத்தான்.