கம்பம் டிக்கெட்

கண்ணாஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் தவசிக்குக் கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். "தூசி படக் கூடாது. மறு கண்ணுக்கு அடுத்த மாசம் வந்துருங்க" என்றார் டாக்டர். தேனி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் இவர் ஒரு பஸ்ஸின் போர்டைப் பார்த்து, "கம்பம்னு போட்டிருக்கு புள்ள" என்றார். இவர் எதையும் வாசித்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷம் பஸ் படிக்கட்டு வரைக்கும்தான். இவருக்குப் பார்வை மங்கியதும் டிவிஎஸ் வண்டியை விற்றுவிட்டோம். எனக்கு ஓட்டத் தெரியாது. கம்பம் போகிற வழியில் சின்னமனூரில் இறங்கி, எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டைக்கு மினி பஸ் பிடிக்க வேண்டும். கண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"கம்பம், குமுளி மட்டும் ஏறுங்க. சின்னமனூரெல்லாம் வண்டி எடுக்கையில ஏறிக்கங்க."

"உள்ள சீட்டு காலியாத்தான கெடக்கு. இவுகளுக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணிருக்கு."

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. தள்ளி நில்லுங்கக்கா."

தினமும் நடக்கிற அசிங்கம் இது. நாங்களும் காசு கொடுத்துத்தான் போகிறோம். ஆனாலும் சொந்தமாக வண்டி இல்லாதவர்கள் கீழே நின்று கண்டக்டர் வாயைப் பார்க்க வேண்டும். பஸ் நகர்ந்ததும் ஒரே தள்ளுமுள்ளு. யாரோ ஒருவரின் முழங்கை இவர் கண்ணாடிக்கு நேரே வந்தது. இவரைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் கூசாமல் "கம்பம் ரெண்டு" என்றேன். கூடுதல் காசு போனால் போகிறது, நடுவில் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கம்பம் கூட்டத்திலேயே பஸ் நிறைந்துவிட, கீழே நின்ற சின்னமனூர் ஆட்களை ஏற்றாமலே எடுத்துவிட்டார்கள். சின்னமனூருக்குள் போகாமல் பஸ் பைபாஸில் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது.

"நிப்பாட்டுங்க. நாங்க சின்னமனூர்ல எறங்கணும்."

"கம்பம்னுதானக்கா கேட்டீக? சின்னமனூருக்கு ஆளே இல்லன்னுதான் இங்கிட்டு வர்றோம்."

ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். லாரிகள் புழுதியை வாரி இறைத்தன. முந்தானையை இவர் முகத்தில் சுற்றி, கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனேன். கார்க்காரர்கள் ஒதுங்கச் சொல்லி ஆரன் அடித்தார்களே தவிர, ஒருத்தரும் நிறுத்தவில்லை. அவர்கள் மேல் வெறுப்பு, அந்தப் பொய்யைச் சொன்ன என் வாய் மேல் அதைவிட வெறுப்பு. சின்னமனூருக்குள் போய்ச் சேர்ந்தபோது மினி பஸ்ஸும் போயிருந்தது.

ஆட்டோவில் உட்கார்ந்து முந்தானையை விலக்கினேன். கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"எரியுதா?"

"இந்த ஒரு கண்ணு போதும் புள்ள. மறு கண்ணுக்கு நான் வரல."

"டாக்டர் வரச் சொல்லிருக்காகள்ல."

"ரெண்டு கண்ணும் தெரிஞ்சு இந்தச் சீரழிவத்தான பாக்கணும்."

போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கன்னத்தில் வடிந்த தண்ணீரை மட்டும் துடைத்துவிட்டேன்.