தாழிக்குள் நின்ற பாட்டு

அன்று மதுக்கொட்டகையில் இருந்தவர்கள்: வீட்டுத் தலைவர் ஷால்வா, அவருடைய ஒரே மகன் ஸாஸா, ஸாஸாவின் மனைவி மக்வாலா, பக்கத்துத் தோட்டக்காரர் ஓதார். வேறு யாரும் இல்லை. இந்த நால்வரில் ஸாஸா இறந்த பிறகும் பாடிக்கொண்டிருந்தான். மற்ற மூவரும் கேட்டார்கள்.

எங்கள் கோபெலாஷ்விலி வீடு மண்ணுக்கு மருந்து காட்டாத வீடு. காக்கேத்தி வட்டாரம் முழுவதும் களைக்கொல்லி அடித்த காலத்திலும் எங்கள் திராட்சைக் கொடிகளுக்கிடையே அவரையும் கடுகும்தான் வளர்ந்தன. பூஞ்சை தாக்கிய ஆண்டுகளில் பாதி விளைச்சலை இழந்தோம், மருந்தடிப்பதில்லை என்ற வாக்கை இழக்கவில்லை. கழுத்துவரை மண்ணில் புதைத்த தாழிகளில்தான் மது முதிரும். அவற்றில் பெரியது ஆள் உயரத்தைவிட ஆழம். வசந்தத்தில் மதுவை இறைத்ததும் ஒருவர் உள்ளே இறங்கி, சாம்பல் நீர் விட்டு, செர்ரிப் பட்டைத் தூரிகையால் சுவரைத் தேய்க்க வேண்டும். புளித்த காற்று அடியில் தங்கி மூச்சை நிறுத்திவிடும் என்பது ஊரறிந்தது. ஆகவே உள்ளே இருப்பவர் பாட வேண்டும். மேலே இருப்பவர் ஒவ்வோர் அடிக்கும் கீழ்க்குரலில் பதில் கொடுக்க வேண்டும். பாட்டு கேட்கும்வரை ஆள் உயிரோடிருக்கிறார் என்று அர்த்தம். மற்ற வீடுகளில் மெழுகுவர்த்தியும் இறக்கி, அணைகிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் பாட்டே போதும் என்று இருந்தது.

ஸாஸா எடுத்தது மணப்பெண்ணை அழைத்துவரும் பாட்டு. அதில் கடைசி அடியில்தான் பெண் ஆற்றைக் கடந்து வீட்டு வாசலுக்கு வருவாள். ஷால்வா தாழியின் வாயருகே அமர்ந்து பதில் கொடுத்தார்.

“என்னப்பா, பல்லு போன கழுதை மாதிரி இழுக்குறீங்க? பொண்ணு பாதி வழியிலயே கிழவி ஆயிடுவா!” என்று உள்ளிருந்து கேட்டான்.

“முதல்ல சுவரத் தேய்டா. நீ பொண்ணழைச்ச லட்சணம் ஊருக்கே தெரியும், வண்டிய ஆத்துக்குள்ள விட்டவன்தானே!” என்றார் ஷால்வா. ஓதார் சிரித்துச் சிரித்து இருமினார்.

பிறகு கேலி நின்றது, பாட்டு மட்டும் தொடர்ந்தது. அதனால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துவந்த மக்வாலா அவனை மேலே வரச் சொல்லிக் குனிந்தாள். ஸாஸா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் உதடுகள் மூடியிருந்தன. பாட்டு அவனைச் சுற்றி ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் அலறியதும் ஷால்வாவின் குரல் நின்றது. பாட்டில் வரும் பெண் அப்போது ஆற்றங்கரையில் இருந்தாள். தாழியிலிருந்து தூக்கிய உடலைப் பார்த்த மருத்துவர், உயிர் போய் வெகு நேரமாகிறது என்றார்.

அடக்கம் முடிந்தும் பாட்டு நிற்கவில்லை. ஆற்றங்கரைவரை வரும், கீழ்க்குரலுக்காகக் காத்திருக்கும், பதில் வராததால் முதலடிக்குத் திரும்பும். பாதிரியார் வந்து புனித நீர் தெளித்தார். பாட்டு அவருக்காகச் சுருதியைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டது, அவ்வளவுதான். ஷால்வா அதன்பின் எந்த விருந்திலும் வாய் திறந்து பாடவில்லை. பதில் கொடுத்தால் பாட்டு முடிந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். மகனில் அவருக்கு மிச்சமிருந்தது அது மட்டுமே.

அறுவடை வந்தது. சிறிய தாழிகள் நிரம்பிய பின்னும் பழத்தில் பெரும்பகுதி கொடியில் தொங்கியது.

“பெரிய தாழிய நிரப்புய்யா. இல்ல, மது ஆலைக்காவது வித்துத் தொலை. உன் சுத்தம் உன் புள்ளையத்தான் தின்னுச்சு, விளைச்சலையுமா திங்கணும்?” என்றார் ஓதார்.

“ஆலைக்காரன் என் பழத்த மருந்தடிச்ச பழத்தோட கலப்பான். என் புள்ள தலையில நான் மது ஊத்த மாட்டேன். நீ உன் வேலையப் பாரு” என்றார் ஷால்வா. பழம் கொடியிலேயே நின்றது. சூறைக்குருவிகள் மேகம்போல் இறங்கின. மறு ஆண்டும் அப்படியே. வெளிநாட்டிலிருந்து மது வாங்க வருபவர்கள் வருவதை நிறுத்தினார்கள்.

மக்வாலா தன் கட்டிலைக் கொட்டகைக்கே கொண்டுபோயிருந்தாள். முதல் ஆண்டு அந்தக் குரலைக் கேட்டுத் தூங்கினாள். இரண்டாம் ஆண்டு அதைக் கேட்டுத் தூக்கமிழந்தாள். பனி கொட்டிய ஒரு ஜனவரி காலையில் மாமனாரின் முன் வந்து நின்றாள்.

“மாமா, அவருக்குப் பதில் கொடுங்க.”

“கொடுத்தா போயிடுவான்மா.”

“தெரியும். ஆனா எவ்வளவு நாளைக்குத்தான் அந்த ஆத்தங்கரையிலயே நிப்பாரு? உங்களக் கேட்டுக் கேட்டு நிக்கிறாரு மாமா. எனக்கு நெஞ்சு ஆறல.”

ஷால்வா எழுந்தார். தேவாலயத்துக்குப் போடும் கறுப்பு மேலங்கியைப் போட்டுக்கொண்டு, முதுகு வளையாமல் கொட்டகைக்கு நடந்தார். தாழியின் வாயருகே மண்டியிட்டார். ஆற்றங்கரையில் பாட்டு நின்றதும் கீழ்க்குரல் கொடுத்தார். குரல் முதலில் கரகரத்தது, பிறகு பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்த குரல் ஒரு கணம் தடுமாறி, சிரிப்புபோல் ஒன்றை விட்டு, அடுத்த அடிக்குப் போனது. பெண் ஆற்றைக் கடந்தாள். வாசலுக்கு வந்தாள். கடைசி அடியைத் தந்தையும் மகனும் சேர்ந்து இழுத்தார்கள். மகன் முதலில் விட்டான்.

மக்வாலா தாழியை மூடவில்லை. சாம்பல் நீர் கொண்டுவந்து, மெழுகுவர்த்தி இறக்கிப் பார்த்துவிட்டு, தானே இறங்கி, அவன் பாதியில் விட்ட சுவரைத் தேய்த்து முடித்தாள். அவள் பாடவில்லை. ஷால்வா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், அவளும் ஒவ்வொரு தடவையும் “இருக்கேன் மாமா” என்றாள்.

விளைச்சலைக் காப்பாற்றத்தான் கிழவர் மகனின் பாட்டை முடித்துவைத்தார் என்று ஊரில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அப்போது கொடியில் ஒரு பழம்கூட இல்லை.