ஏழாவது விலாவில் ஒரு தழும்பு

...அத்தான் கொண்டுவந்தது என்பதற்காகக் கல் பிசினாகிவிடுமா, பிசின்தான் கல்லாகிவிடுமா, அக்கா நேற்று போனில் அதையே சுற்றிச் சுற்றிச் சொன்னாள், போலின்னா பட்டுனு சொல்லிடாதடி, அவர் மனசு தாங்காது... அவராகத்தான் வந்திருக்கிறார், அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று, துணிப்பைக்குள் பழைய பனியனில் சுற்றி. உள்ளங்கை அளவு ட்ரைலோபைட். என்றோ கடலடியில் ஊர்ந்து, கல்லாகிப்போன பிராணி. கல்குவாரியில் மேற்பார்வை பார்த்த காலத்தில் தானே உடைத்து எடுத்தேன் என்கிறார், என் மேஜைக்குப் போலியைக் கொண்டுவருகிற எல்லோரும் சொல்வதுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் காற்றுக் குமிழி எதுவும் இல்லை, ஆனால் பிளாஸ்டிக் பிசினை அச்சில் நன்றாக வார்த்தால் குமிழி விழாது. கண்ணைப் பார்க்கலாம் என்றால், அச்சில் வராத அந்த நுண்ணிய புள்ளி வரிசையை முப்பது வருடம் துடைத்துத் துடைத்தே தேய்த்து வைத்திருக்கிறார். அசிட்டோனில் நனைத்த பஞ்சு கறுப்பாகிவிட்டது. சாயம், சரி, முடிந்தது கதை என்று வெளியே உட்கார்ந்திருந்தவரிடம் போய்க் கேட்டால், பளபளன்னு இருக்கட்டும்னு ஷூ பாலிஷ் போட்டேம்மா என்கிறார், தப்பா என்று வேறு கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கறுப்பை முழுக்கத் துடைத்த பிறகுதான் தழும்பு தெரிந்தது. இடப்பக்கம், ஏழாவது விலா, எதுவோ கடித்து ஆறின, பிறை போன்ற வெட்டு. இதை நான் பார்த்திருக்கிறேனே. எங்கே... எங்கே என்ன எங்கே, கீழே கூடத்தில், மூன்றாவது கண்ணாடிப் பெட்டியில், என் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்த ட்ரைலோபைட்டில். பத்து வருடத்துக்கு முன் அதை வாங்கும்போது இயக்குநர் சூடு காட்டின ஊசி வைத்துச் சோதித்துப் பார்க்கலாமா என்றார், நான்தான் வேண்டாம் என்றேன், ஒரு துளைகூட விழக்கூடாது அதன்மேல், போலி செய்கிறவன் அழகாகச் செய்வானே தவிர ஆறின காயத்தையா செய்வான் என்று பெரிய மேதாவி மாதிரி வாதாடினேன். வார்த்தவன் காயத்தைச் செய்யவே வேண்டாம், காயத்தோடு இருப்பதிலிருந்து அச்சு எடுத்தால் போதும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? கோப்பிலிருந்து அதன் படத்தை எடுத்து அளந்தேன், மில்லிமீட்டர் பிசகவில்லை. இரண்டு பிராணிகளை ஒரே இடத்தில் ஒரே மாதிரி கடிக்க முடியாது. ஒன்றிலிருந்து மற்றது வார்த்தது. எதிலிருந்து எது? மறுபடியும் வெளியே போனேன். இது எப்பவாவது உங்க கையை விட்டுப் போயிருக்கா அத்தான்? யோசித்தார். ஒரு போட்டோக்காரர் படம் எடுக்கணும்னு வாங்கிட்டுப் போனாரும்மா, பதினோரு வருஷம் இருக்கும், மூணு வாரம் வச்சிருந்துட்டுப் பத்திரமாத் திருப்பிக் கொடுத்தார், நல்ல மனுஷன். நல்ல மனுஷன் திருப்பிக் கொடுத்தது எதை? அசலையா, நகலையா?

இனி ஊசிதான். ஸ்பிரிட் விளக்கில் நுனி சிவக்கிறவரை காட்டி, வால் ஓரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் வைக்க வேண்டும், பிசினென்றால் இறங்கும், எரிந்த பிளாஸ்டிக் வாடை வரும். பேச்சு வேண்டாம், மூக்கே சொல்லிவிடும். வைத்தேன். இறங்கவில்லை. மீதியிருந்த பாலிஷ் லேசாகப் புகைந்தது, அவ்வளவுதான், பாலிஷுக்கு அடியில் கல், அசல் கல். அப்படியானால் கீழே கூடத்தில் இருப்பது... பத்து வருடமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டுப் போகிற அது, இந்தத் தழும்பைப் பற்றி நான் நான்கு வரி எழுதி ஒட்டியிருக்கிற அது. ஊசி ஆறிப்போயிருந்திருக்கும். மறுபடி சூடாக்கித் தலைப்பக்கம் வைத்தேன். கல். எதற்கும் இருக்கட்டும் என்று விலா நடுவில் வைத்தேன், நன்றாக வெளியே தெரிகிற இடத்தில். கல்தான். கதவோரம் அத்தான் தலை தெரிகிறது, என்னம்மா, கல்லுதானே, அக்கா ரெண்டு தடவை போன் பண்ணிட்டா என்கிறார், கொஞ்சம் இருங்க அத்தான், இன்னும் முடியலை என்கிறேன். ஒரு துளை போதும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இப்போது ஊசி நான்காவது முறையாகத் தீயில் இருக்கிறது, எங்காவது கொஞ்சம் பிளாஸ்டிக் வாடை வராதா என்றுதான் நான் குனிந்துகொண்டிருக்கிறேன்.